தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கிலம்: எங்கே தொடங்குவது?

பெற்றோரின் வேலை பெர்மிட்டோடு தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, மலேசியாவில் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ தமிழ்ப்பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஆங்கிலம் மட்டும் புதிதல்ல, மலாயும் கூடவே வந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே ரோமன் எழுத்து. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதல் 2 வாரம் காதுக்கு. பேசச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். 'ஸ்டேண்ட் அப்', 'சிட் டவுன்', 'ஓபன் யுவர் புக்' என ஒரு நாளைக்கு 3 கட்டளை போதும். முதலில் சொல்லிக்கொண்டே செய்து காட்டுங்கள், அடுத்து கை அசைக்காமல் சொல்லுங்கள், அப்புறம் வரிசையை மாற்றுங்கள். பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்து எழுந்து நிற்பான், நமக்கோ புரிந்துவிட்டது போலத் தோன்றும். சில நாள் பார்த்தே செய்யட்டும், பிறகு அவனுக்கு மட்டும் தனிக் கட்டளை கொடுத்துப் பாருங்கள். அர்த்தத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிவிடலாம், தவறே இல்லை. 'மே ஐ கோ டு த டாய்லெட்' மட்டும் முதல் நாளே மனப்பாடம்.

மூன்றாம் வாரம் எழுத்து. பெயரை விட்டுவிட்டு ஒலியைச் சொல்லிக்கொடுங்கள். 'எஸ், ஐ, டி' என்று கூட்டினால் 'சிட்' வராது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறில் தொடங்கினால் சிட், டின், டேப் என்று உடனே சொற்கள் கிடைக்கும். சி வந்ததும் சிக்கல் தொடங்கும். 'சி, ஏ, டி'யை மலாய்ப் பாடத்தில் 'சாட்' என்று படித்தால் சாயம், ஆங்கிலத்தில் 'கேட்' என்றால் பூனை. "டீச்சர், இது சாட்தானே?" என்று கேட்பவன் மலாய்ப் பாடத்தின் விதிப்படி சரியாகவே படிக்கிறான். மலாய்க்குச் சிவப்பு மார்க்கர், ஆங்கிலத்துக்கு நீலம் என்று இரண்டு ஆசிரியர்களும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'ப'. குண்டூசியும் (pin) குப்பைத்தொட்டியும் (bin) தமிழ் எழுத்தில் ஒரே 'பின்'. டிஷ்யூவை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் பிடித்து, இரண்டு சொல்லையும் சொல்லிப் பாருங்கள். குண்டூசிக்குத் தாள் துள்ள வேண்டும், தொட்டிக்கு அவ்வளவாக அசையாது. இரண்டுக்கும் அசையவில்லையா? டீச்சர்தான் முதலில் பழக வேண்டும். 'இஸ்கூல்' என்பவனை 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்க விட்டு, 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். 'பஸ்ஸு', 'புக்கு' எல்லாம் மெல்லச் சரியாகும்.

சில மாதத்தில் ரெஹாட் (இடைவேளை) நேரத்தில் ஆங்கிலத்தில் வாயடிப்பான். அப்போதுதான் பலர் தனி உதவியை நிறுத்திவிடுகிறார்கள். பேச்சு மொழிக்குச் சுமார் 2 ஆண்டு, பாட மொழிக்கு 5 முதல் 7 ஆண்டு வரை ஆகலாம் என்பது மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் கணக்கு. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும் டிஎல்பி (இருமொழித் திட்ட) வகுப்பானால், மறுநாள் பாடத்தின் 5 சொற்களைப் படத்தோடு அட்டையில் எழுதி முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள்.