மாரியைத் தாங்கும் களஞ்சிய அறை: சாமானைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு

கொழும்பில் வீட்டுச் சாமானை வைத்துப் பூட்ட மாத வாடகைக்குத் தனி அறை கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நடைமுறை வேறு. வீட்டை வாடகைக்குக் கொடுத்து ஓர் அறையை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்வார்கள். அல்லது சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை. அதுவும் இல்லையென்றால் சும்மா கிடக்கும் கடை அறை ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். வெளிநாட்டு ஒப்பந்தத்தில் போகிறவர், தூர மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைத்தவர், பழைய வீட்டை உடைத்துக் கட்டுகிறவர் என்று யாராக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

பெரும்பாலானவர்கள் கள்ளனை நினைத்து நல்ல பூட்டு வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே சாமானை அழிப்பது ஈரம், கறையான், எலி, வெள்ளம். கள்ளன் அதற்குப் பிறகுதான் வருவான். பாதுகாப்பென்று நாமே சுற்றிவிடும் பொலித்தீன்தான் ஈரத்துக்கு நல்ல கூட்டாளி. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

அறையைத் தெரிவு செய்தல்

இரண்டு அறை வீட்டுச் சாமான் முழுவதும், ஒழுங்காக அடுக்கினால், பத்துக்குப் பத்து அடி அறைக்குள் அடங்கும். கட்டிலைக் கழற்றாமல் வைத்தால் அடங்காது.

முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, வெள்ளம். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் அந்த ஒழுங்கையில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். வீட்டுக்காரர் "இங்க தண்ணி வராது" என்றுதான் சொல்வார். சுவரில் பழைய கறை, கதவு நிலையின் அடிப்பாகம் உப்பிய அடையாளம், புதிதாகப் பூசிய கீழ்ச்சுவர் ஆகியவை உண்மையைச் சொல்லும். வாவிக் கரையோரமும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல் ஓரக் கிராமங்களும் என்றால் இந்த விசாரணையைத் தவறவிடவே கூடாது. மேல்மாடி அறை கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் எடுங்கள்; ஆனால் மேலே வெறும் சீற் கூரை என்றால் சீலிங் இருக்கிறதா என்று பாருங்கள். சீலிங் இல்லாத சீற்றின் கீழ் பகலில் அறை கொதிக்கும், இரவில் சீற் குளிர்ந்து அடிப்பக்கம் வியர்க்கும், அந்தத் துளி சாமான் மேல்தான் விழும்.

மாரி மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சரிந்து அடிக்கும். அதனால் வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் வெளியே பார்த்திருக்கும் அறையைவிட, வீட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் அறை நல்லது. குளியலறையோடு சுவர் பகிரும் அறை வேண்டாம். கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போலக் கடல் அருகே இருக்கும் இடங்களில் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் கறள் பிடிக்க வைக்கும். தையல் மெஷின், சைக்கிள் போன்றவை கூட இருந்தால் உள்ளே தள்ளியிருக்கும் வீட்டைப் பாருங்கள்.

அறையை முழுக்க அடைக்கக் கூடாது. சுவரின் மேற்பகுதியில் காற்றுத் துவாரம் திறந்திருக்க வேண்டும், அதற்கு நெருக்கமான கம்பி வலை அடிக்க வேண்டும். தரையோடு இருக்கும் தண்ணீர் வெளியேறும் துளை, வயர் வரும் ஓட்டை, கதவின் கீழ் இடைவெளி ஆகியவற்றைச் சீமெந்தாலும் தகரத் துண்டாலும் மூடுங்கள். கட்டைவிரல் நுழையும் ஓட்டை எலிக்குஞ்சுக்குப் போதும்.

எழுத்தில் வைக்க வேண்டியவை

சொந்தக்காரர் என்றாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது மனக்கசப்பைத் தவிர்க்கும். எத்தனை மாதம், வாடகை எந்தத் தேதி, யார் கையில் திறப்பு, அவசரத்துக்கு யார் முன்னிலையில் திறக்கலாம், வாடகை பிந்தினால் என்ன செய்வது, வீட்டை விற்றால் எத்தனை நாள் அவகாசம். சாமான் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையொப்பமிடுங்கள். வைத்து முடிந்ததும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். காப்புறுதி இருந்தால், சாமான் வேறு கட்டடத்தில் இருக்கும்போதும் வெள்ளத்துக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எப்போது அடுக்குவது

கார்த்திகை, மார்கழியில் அடுக்கினால் அந்த மாதத்து ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறீர்கள். காற்றின் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நின்றால் துணியிலும் மரத்திலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். எங்கள் மாரியில் அது அதற்கு மேலேயே நிற்கும். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கும் நாட்களே பொருத்தம். (கொறிக்கும் கச்சான், அதாவது நிலக்கடலை, வேறு; அதை அறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.) பயணம் மாரியில்தான் என்றாலும் உடுப்பு, மெத்தை, புத்தகங்களை ஆவணிக்குள் காயவைத்து மூடிவிடுங்கள்.

தரையிலிருந்து தொடங்குவது

எதையும் நேரே தரையில் வைக்காதீர்கள். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரமுள்ள சீமெந்துக் கல் போதும். ஒரு வரிசை வைத்தால் 8 அங்குலம், இரண்டு வரிசை 16 அங்குலம். பழைய வெள்ளம் அறைக்குள் ஓர் அடி நின்றிருந்தால் இரண்டு வரிசைக்குக் குறையக் கூடாது. கல்லின் மேல் தடித்த பலகை போட்டு, அதன் மேல் சாமான். கடைகளில் கிடைக்கும் பழைய பலகைத் தட்டை அப்படியே கொண்டுவந்து போடாதீர்கள், உளுவும் கறையானும் அதோடு வரும். வெயிலில் வைத்துத் தட்டிப் பார்த்து, மா உதிர்ந்தால் எறிந்துவிடுங்கள்.

சுவரிலிருந்து ஓர் அடி விடுங்கள். பலர் கஞ்சத்தனம் பார்ப்பது இங்கேதான். கறையான் மண்குழாய் கட்டிக்கொண்டு சுவரில் ஏறும். இடைவெளி இருந்தால் குழாய் கண்ணுக்குத் தெரியும், தும்புத்தடியால் தட்டி மருந்து போடலாம். சாமான் சுவரோடு ஒட்டியிருந்தால் அலுமாரியின் முதுகு போன பிறகே தெரியவரும். அதே காரணத்துக்காக அறையின் நடுவில் இரண்டடி நடைபாதை விடுங்கள். தேக்கும் முதிரையும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மாமரம், ரப்பர் மரம், அமுக்கிய மரத்தூள் பலகை ஆகியவை நிற்காது. தூள் பலகை அலுமாரி ஒருமுறை ஈரம் குடித்து உப்பினால் திரும்ப ஒட்டாது. அவற்றை நடுவில், உயரமாக வையுங்கள்.

ஒவ்வொன்றையும் எப்படி வைப்பது

பொலித்தீன் விஷயம் இதுதான். கட்டில், கதிரை, மெத்தையை இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. பகல் சூட்டில் ஆவியாகி, இரவில் பொலித்தீனின் உட்பக்கத்தில் தண்ணீராக நிற்கும். ஆறு மாதத்தில் பச்சைப் பூஞ்சணம். பழைய பருத்திச் சீலை, வேட்டி, படுக்கை விரிப்புத்தான் சரியான மூடி. ஒழுக்குக்குப் பயந்தால் குவியலுக்கு மேலே, தொடாமல், கயிற்றில் பொலித்தீனைப் பந்தல்போலக் கட்டுங்கள்.

அலுமாரியை வெறுமையாக்கிக் காயவையுங்கள். கதவையும் லாச்சியையும் ஓர் அங்குலம் திறந்தே விடுங்கள். கட்டிலைக் கழற்றும்போது திருகாணிகளைச் சிறு பையில் போட்டு அதே சட்டத்தில் கட்டிவிடுங்கள், தனிப் பேணியில் போட்ட திருகாணி திரும்பக் கிடைப்பதில்லை. மெத்தையை இரண்டு நாள் வெயிலில் போட்டு, தட்டையாக உயரத்தில் வையுங்கள். நிறுத்திவைத்தால் வளையும். இலவம் பஞ்சுத் தலையணை எலிக்கு மாளிகை, ஆகவே மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்குள் போடுங்கள். கண்ணாடியும் படச் சட்டமும் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தி ஐஸ் முழுவதும் உருகவிட்டு, பின்னால் உள்ள தண்ணீர்த் தட்டையும் ஊற்றி, உள்ளே துடைத்து ஒரு முழு நாள் திறந்து காயவிடுங்கள். கதவிடுக்கில் துணி சுற்றிய கட்டை ஒன்றை வைத்துத் திறந்தபடி கட்டுங்கள். மூடிவைத்தால் கதவு ரப்பர் கறுக்கும், அந்த மணம் போகவே போகாது. சலவை மெஷினில் தண்ணீர் வரும் குழாய், போகும் குழாய், வடிகட்டி மூன்றையும் வடித்து மூடியைத் திறந்து விடுங்கள். ரிமோட், மணிக்கூடு, டோர்ச் எல்லாவற்றிலும் பற்றரியைக் கழற்றுங்கள். கசிந்தால் பொருள் போய்விடும்.

தையல் மெஷின், கத்தி, மண்வெட்டிக்குத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், நாளானால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். மெஷின் எண்ணெய் அல்லது கிறீஸ் மெல்லிய படையாகப் போதும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கி, ஈரம் முழுதும் போக வெயிலில் வைத்து, வெறுங்கையால் தொடாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் கறை பிடிக்கும். வெள்ளிச் சாமானுக்கு ரப்பர் பட்டி போடக் கூடாது, அதிலுள்ள கந்தகம் கறுப்பாக்கும்.

பட்டுச் சாறியை உப்பு மணமோ வியர்வையோ இல்லாமல் சுத்தமாக்கி, வெள்ளைப் பருத்தியில் சுற்றி, பூச்சி உருண்டையைத் துணி முடிச்சில் கட்டி மூலையில் போடுங்கள். சரிகையில் படவும் கூடாது, பிளாஸ்டிக்கில் படவும் கூடாது. பிள்ளைகளுக்குக் கையெட்டும் இடத்திலும் வேண்டாம். வேப்பிலை போடுகிறவர்கள் அது நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததா என்று பார்க்க வேண்டும். பாதி காய்ந்த இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

புத்தகத்தைச் சிறு பெட்டிகளில், ஒரு பெட்டி 15 கிலோவுக்குள். பலசரக்குக் கடையின் பழைய அட்டைப் பெட்டி வேண்டாம், மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும். ஒவ்வொரு பெட்டியின் இரண்டு பக்கத்திலும் இலக்கம் எழுதி, உள்ளே இருப்பதைக் கொப்பியில் எழுதுங்கள். "குசினி" என்று வெளியே எழுதினால் போதும். "ரீவி" என்று எழுதுவது அழைப்பிதழ்.

மோட்டர் சைக்கிள் வைத்தால் பெற்றோலை முழுதும் வடித்து, கார்புரேட்டரையும் வெறுமையாக்கி, பற்றரியைக் கழற்றி வெளியே யாரிடமாவது மாதம் ஒருமுறை சார்ஜ் போடக் கொடுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தினால் டயரில் பாரம் குறையும்.

உள்ளே போகவே கூடாதவை

காஸ் சிலிண்டர் முதலாவது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், பூட்டிய அறையில் ஒரு தீப்பொறி போதும். வெறும் சிலிண்டரிலும் மிச்சம் இருக்கும். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர் வேண்டாம். அரிசி, பருப்பு, மா, தூள், ஒரு பக்கற் பிஸ்கட்கூட வேண்டாம். எலி அதற்குத்தான் வரும், பிறகு மெத்தையைக் கிழிக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் உங்களோடு அல்லது நம்பிக்கையான கையில். நகை வங்கிப் பெட்டகத்தில்.

ஈரம் உறிஞ்சும் சரக்குகள்

சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்குள் மட்டும் வேலை செய்யும், திறந்த அறைக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். நிறம் மாறும் வகையை வாங்கினால், நிறம் மாறியதும் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்பப் போடலாம். கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீர் உப்புக் கரைசல், கவிழ்ந்தால் இரும்பை அரிக்கும். தரையில், இரும்பு இல்லாத மூலையில் வையுங்கள்.

யாராவது திறந்து பார்க்க வேண்டும்

இரண்டு வருடம் திறக்காத அறை எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் கெடும். நம்பிக்கையான ஒருவரிடம் இரண்டாவது திறப்பைக் கொடுத்து, மாதம் ஒருமுறை வெயில் நாளில் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை கதவையும் யன்னலையும் திறந்துவைக்கச் சொல்லுங்கள். மழை நாளில் திறப்பது ஈரத்தை வெற்றிலை வைத்து அழைப்பது. வருகிறவர் சுவரோரத்தில் மண்குழாய், மேலே ஒழுக்குக் கறை, எலிப் புழுக்கை, பூஞ்சண மணம் என்ற நான்கையும் பார்த்துப் படம் அனுப்பினால் போதும். எலிக்கு நஞ்சு வைக்க வேண்டாம், குவியலுக்குள் செத்து நாறும். பொறி வையுங்கள்.

ஒக்டோபர் நடுவில் ஒரு தனிப் பார்வை வேண்டும்: பீலியில் இலை அடைப்பு, நகர்ந்த ஓடு, வாசல் முன் தண்ணீர் ஓடும் பாதை. முதல் பெருமழைக்கு மறுநாள் திரும்பவும் ஒருமுறை. தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, பிறகு படம் எடுத்து, நனைந்ததை மட்டும் வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். நனைந்த மரத்தை நேர் வெயிலில் போட்டால் வெடிக்கும்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுக்காதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திறந்து, ஒரு நாள் காற்றோட விடுங்கள். பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடையுங்கள். காய்ந்தபடி தூரிகையால் தட்டினால் அறை முழுதும் பரவும். மின்சாரச் சாமானின் வயரைப் பிளக்கிலிருந்து அடிவரை கையால் தடவிப் பாருங்கள், எலி கடித்த இடம் விரலில் தட்டுப்படும். குளிர்சாதனப் பெட்டியைப் பட்டா லொறியில் சரித்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திவைத்து ஒரு நாள் கழித்தே கரண்ட் கொடுங்கள்.