கடலை ரகங்களை வறட்சிக்குச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திர எல்லையில் குப்பம் பக்கம் நிலக்கடலை பெரும்பாலும் மானாவாரிதான். விதைப்பு நெருங்கினால் கதிரி 6 ரகம் போடலாமா, கதிரி லேபாட்சியா, பழைய டி.எம்.வி. 2 போதுமா என்ற பேச்சு தொடங்கிவிடும். எது வறட்சியைத் தாங்கும் என்று பார்க்கச் சிலர் வீட்டிலேயே பைகளில் விதைத்து, முளைத்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். முதலில் வாடியது கழிவு, கடைசியில் வாடியது தேர்வு. பெரிய தவறே இதுதான்.

இலை அதிகமுள்ள, துடிப்பாக வளரும் செடி பையிலுள்ள ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். சவலைச் செடி மெதுவாகக் குடிப்பதால் அதன் மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் ஒரே வறட்சியில் இல்லை. நாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். பை 5 கிலோ காய்ந்த மண்ணுடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறைய நனைத்து, ஒரு நாள் வடியவிட்டு நிறுத்தால் 6 கிலோ வருகிறது. அப்படியானால் அந்த மண் பிடித்துவைக்கும் தண்ணீர் 1 கிலோ. 40 சதவீத ஈரத்தில் சோதிக்க, பையின் எடை 5.4 கிலோவுக்கு இறங்கும்வரை விட்டு, பிறகு தினமும் எடையில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீரை மட்டும் ஊற்றி அதே எடையில் நிறுத்த வேண்டும். வேலை பிடித்த வேலைதான்; ஆனால் இது இல்லாமல் செய்தால் சவலை ரகம்தான் ஜெயிக்கும். மண்ணின் மேல் பாலிதீன் தாள் போட்டால் வெயில் நேரடியாகக் குடிக்கும் தண்ணீர் குறையும். ஒவ்வொரு ரகத்திலும் சில பைகளுக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒப்பிட அது வேண்டும்.

அடுத்தது, பார்க்கும் நேரம். கடலையின் நான்கு சிற்றிலைகளும் பொழுது சாய்ந்தால் தாமாகவே மூடிக்கொள்ளும். உச்சிவெயிலில் இலை விளிம்பை வெயிலுக்குக் காட்டித் திரும்பி நிற்பதும் செடி தண்ணீரைச் சேமிக்கும் வழி. இரண்டையும் வாட்டம் என்று குறித்துவைத்தால் நல்ல ரகம் வீணாகக் கழியும். விடிந்ததும் பாருங்கள், இரவு முழுக்கக் கிடந்தும் இலை நிமிரவில்லை என்றால்தான் உண்மையான வாட்டம். அப்புறம் தண்ணீர் விட்டு, எது மறுபடி துளிர்க்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். பலர் அதற்கு முன்பே பையைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

டீ கப் அளவுத் தொட்டியும் ஏமாற்றும். ஆணிவேரை ஆழமாக இறக்கும் ரகத்துக்கு அதில் இறங்க இடமே இல்லை. போன வருட விதையையும் இந்த வருட விதையையும் கலக்க வேண்டாம். வேப்பமர நிழல் படும் ஓரத்துப் பைகளை அவ்வப்போது இடம் மாற்றுங்கள்.

கல்லூரிக்காரர்கள் பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 என்ற, வேர் தண்ணீர் எடுப்பதைக் கடினமாக்கும் வேதிப்பொருளின் கரைசலில் வேரை வைத்துச் சோதிப்பார்கள். விரைவான வழிதான். ஆனால் கரைசல் கெட்டியானால் வேருக்கு ஆக்ஸிஜன் குறையும். காற்று செலுத்தாமல் விட்டால், செடி வாடியது வறட்சியாலா மூச்சுத்திணறலாலா என்று தெரியாது.

சரி, இளஞ்செடி தேறிவிட்டது என்றால் ரகம் தேறியதாகுமா? கடலையில் அப்படிச் சொல்ல முடியாது. பூப்பதற்கு முந்தைய லேசான வறட்சியைப் பயிர் பெரிதாகப் பொருட்படுத்தாது. பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும்போது மழை தவறினால்தான் மகசூல் விழும். ஆகவே பைச் சோதனையில் மோசமானவற்றை மட்டும் கழித்துவிட்டு, மிச்சத்தை மானாவாரி நிலத்தில், நன்றாகத் தெரிந்த ஒரு ரகத்துக்குப் பக்கத்தில் விதைத்து, காயை நிறுத்துப் பாருங்கள்.