லிங்க் மட்டும் போதாது, கூப்பன் கோடும் கொடுங்கள்

உங்கள் பொருளை அஃபிலியேட் முறையில், அதாவது லிங்க்கைப் பகிர்ந்து, அதன் வழியாக நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் வாங்கிக்கொண்டு, விற்றுத் தருபவர்கள் ஒவ்வொருவருக்கும் லிங்க்கோடு தனி கூப்பன் கோடும் கொடுத்துவிடுங்கள். ஆர்டர் எந்த வழியாக வந்தாலும் "கோடு ஏதாவது இருக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லிங்க்கை அழுத்தியவர் அதே போனில், அதே பிரவுசரில் வாங்கினால்தான் பெரும்பாலும் கமிஷன் பதிவாகும். நம் டெல்டா பக்கம் வியாபாரம் அப்படி முடிவதில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கை ஒருவர் லிங்க்கில் பார்ப்பார். அப்புறம் போன் போட்டு, எத்தனை கிலோ, உச்சியில் அன்னம் உண்டா என்று விசாரிப்பார். வாட்ஸ்அப்பில் படம் கேட்டு வாங்கி, ஜிபேயில் பணம் அனுப்பிவிடுவார். விற்பனை நடந்துவிட்டது, ஆளை அனுப்பி வைத்தவர் கணக்கிலோ ஒன்றும் ஏறியிருக்காது. இது தொடர்ந்தால் நாம் ஏமாற்றுகிறோம் என்றுதான் அவர் நினைப்பார். அதிகம் விற்றுத் தருபவர்தான் முதலில் விலகுவார், அதுதான் பெரிய நஷ்டம்.

கோடு சொல்பவருக்குச் சின்னத் தள்ளுபடி இருக்கட்டும், 50 ரூபாயானாலும் சரி. இல்லாவிட்டால் யாரும் நினைவு வைத்துச் சொல்ல மாட்டார்கள்.

அமேசான் போன்ற தளத்தில் மட்டும் விற்பவர்களுக்கு இது உதவாது. அங்கே அஃபிலியேட் கமிஷனைத் தளமே தன் லிங்க்கை வைத்துக் கணக்கிடுகிறது. தள்ளுபடிக் கோடுகளைத் திரட்டிப் போடும் கூப்பன் தளங்களில் கோடு பரவிவிட்டாலும் கணக்கு கெட்டுவிடும். உரியவரிடம் சொல்லிவிட்டுப் பழையதை நிறுத்தி, புதிது கொடுங்கள்.