பற்றரி தீர்ந்த காரை முந்துவது ஒரு முந்தலா? ஃபார்முலா வன் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரத்துக்கு மாலை ஆறரைக்குத் தொடங்கும். கொழும்பில், வெள்ளவத்தையில் மாமா வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிவிடுவோம். 2026 விதிகள் வந்த பிறகு, பந்தயத்தை விட வாக்குவாதம்தான் நீளம். "இது கார் ஓட்டமா, பற்றரி சார்ஜ் போடுற போட்டியா?" என்று மச்சான் கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி, நாம் பார்க்கும் விதத்தால் வருவது.

முதல் தவறு, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் நம் ஊர் ஹைபிரிட் காரை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது. கொழும்பு-காலி வீதி நெரிசலில் அக்வாவும் பிரியஸும் பற்றரியை வைத்திருப்பது பெற்றோல் மிச்சம் பிடிக்க. பந்தயக் காரில் அது வேகத்துக்கு. 2025 வரை மின்மோட்டரின் வலு 120 கிலோவாட். 2026 விதிகள் அதை 350 ஆக்கின. எஞ்சின் தருவது ஏறக்குறைய 400. அதாவது கிட்டத்தட்டப் பாதி வலு மின்சாரம். ஆனால் பற்றரியில் ஒரு நேரத்தில் புழங்கக்கூடியது 4 மெகாஜூல்தான். கரண்ட் பில் கணக்கில் சொன்னால் 1.1 யூனிட்! முழு வலுவில் இழுத்தால் பதினொரு வினாடி சொச்சத்தில் காலி. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது?

திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். 2014இலிருந்து புகைபோக்கி வெப்பத்தில் மின்சாரம் எடுத்த கருவி ஒன்று இருந்தது. அதை 2026இல் எடுத்துவிட்டார்கள். இப்போது பிரேக் பிடிக்கும்போது கிடைப்பதை வாங்க வேண்டும். அது போதாத தடங்களில், நேர்ப்பாதையிலேயே எஞ்சின் வலுவில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்ப வேண்டும்.

இதைத் தெரியாமல்தான், நேர்ப்பாதை முடிவில் கார் தளர்ந்தால் "எஞ்சின் போச்சு", "பயந்துட்டான்" என்கிறோம். பின்னால் உள்ள சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மின்னினால் பெரும்பாலும் கார் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், முந்தல்களை எண்ணிப் பந்தயத்தை மதிப்பிடுவது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. பற்றரியைக் கொட்டி ஒருவன் முந்துவான். அடுத்த நேர்ப்பாதையில் அவனிடம் ஒன்றும் இருக்காது, பின்னால் போனவன் திரும்ப முந்துவான். எண்ணிக்கையில் இரண்டு. பார்த்தவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வளைவுக்கு முன்பே மின்சாரத்தைச் சேமித்து, எதிராளியைத் தேவையில்லாத இடத்தில் செலவழிக்க வைத்து, பிறகு பிரேக் பிடிக்கும் இடத்தில் உள்ளே நுழைகிறவனும் இருக்கிறான். அது மூளையும் கையும் சேர்ந்த வேலை. முந்திய இடத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். யார் எங்கே செலவழித்தான் என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

முந்துவதற்கு 2026 விதிகள் தந்த புதிய வசதியை, 2025 வரை இருந்த டிஆர்எஸ் என்ற பழைய வசதி என்று நினைப்பதும் சரியில்லை. டிஆர்எஸ்ஸில், பந்தயத்தின்போது துரத்துகிறவனுக்கு மட்டும் காற்றுத்தடை குறையப் பின்இறக்கை திறந்தது. இப்போது நேர்ப்பாதையில் எல்லோருக்கும் இறக்கை மாறும்; ஒரு வினாடிக்குள் துரத்துகிறவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது மின்வலு.

"அந்தக் காலத்தில் முழு வேகத்தில் ஓட்டினார்கள்" என்பார் மாமா. அப்போதும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. 1984இல் ஒரு பந்தயத்துக்கு 220 லீட்டர் பெற்றோல் என்று வரம்பு வைத்து, இடையில் நிரப்பவும் தடை போட்டார்கள். 1985இல் இத்தாலியின் இமோலா தடத்தில் முன்னணியில் இருந்த ஓட்டுநர் செனாவுக்குக் கடைசிச் சுற்றுகளில் பெற்றோல் தீர்ந்தது. 1986இல் ஜெர்மனியின் ஹொக்கன்ஹைம் தடத்தில் ஓட்டுநர் புரோஸ்ட் பெற்றோல் தீர்ந்து இறங்கி, நின்ற காரைக் கையால் தள்ளினார். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டா என்ற பங்கீட்டில் வாரத்துக்கு 20 லீட்டரை வைத்துக்கொண்டு எங்கே போவது, எதை விடுவது என்று கணக்குப் போட்ட நமக்கு இந்த ஓட்டுநர்களின் தலைவலி புரியாதா?

ஆனால் ஓர் இடத்தில் மச்சான் சொல்வதை நான் முழுக்க ஏற்கிறேன். யார் எந்த இடத்தில் தொடங்குவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்று. அங்கே எதிராளியும் இல்லை, தந்திரமும் இல்லை. ஒரு காரும் ஒரு மனிதனும் ஒரு சுற்றும்தான். அந்தச் சுற்றிலும் ஓட்டுநர் பற்றரிக்காக முன்கூட்டியே அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எனக்கு வலிக்கிறது. இது ரசிகரின் அறியாமை இல்லை, விதியில் உள்ள குறை. எல்லாக் குறையையும் "உங்களுக்குப் புரியவில்லை" என்று தள்ளுவதும் ஒரு தவறுதான்.

ஒரு தடத்தை வைத்து முழுப் பருவத்துக்கும் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். இத்தாலியின் மொன்சா தடத்தில் பிரேக் பிடிக்கும் இடங்கள் குறைவு. பற்றரி பசியோடேயே ஓடும். சிங்கப்பூரில் வளைவுக்கு வளைவு பிரேக், நிரம்பிக்கொண்டே இருக்கும். அந்த இரவில் மாமா வீட்டில் பற்றரிப் பேச்சே எழாது என்று நினைக்கிறேன்.