கண் வேலை முதல் வாரத்திலேயே: வேலூர் போகிறவர்களுக்கு லேசர் சிகிச்சைக் குறிப்புகள்

என் சித்தி மகள் துபாயிலிருந்து இரண்டு வாரம் லீவு போட்டு வேலூர் வந்தாள். இந்தத் தடவை லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்று உறுதியாக இருந்தாள். பரிசோதனைக்கு உட்காரவைத்த பெண் கேட்ட முதல் கேள்வி: "காண்டாக்ட் லென்ஸ் எப்பக்கா கழட்டுனீங்க?"

"நேத்து நைட்டு, ஃப்ளைட்ல."

அதோடு முடிந்தது. லென்ஸ் கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கார்னியாவை அழுத்தி அதன் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும். அந்த நிலையில் அளவெடுத்தால் லேசரின் கணக்கு தப்பிவிடும். மெல்லிய லென்ஸை ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸை மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடியோடு வந்தவள் கண்ணாடியோடே போனாள். ஆகவே டிக்கெட் போட்ட கையோடு லென்ஸ் நிறுத்தும் தேதியையும் குறித்துவிடுங்கள்.

அடுத்தது, "பிளேடு இல்லாத லேசர்" என்ற விளம்பரம். கருவிழியின் கனம் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். லேசிக் என்பது கருவிழியில் ஒரு மடலைத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் சிகிச்சை. பழைய லேசிக்கில் மைக்ரோகெரட்டோம் என்ற கருவியின் சிறு பிளேடு அதன் மேற்பரப்பை மடல்போலச் சீவும். ஃபெம்டோ லேசிக்கில் சுமார் 100 மைக்ரான் கனமுள்ள அந்த மடலையும் லேசரே பிரிக்கிறது. விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறை மறுபடி நூறு கோடி கூறாக்கினால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ விநாடி. இப்படிப்பட்ட மிகக் குறுகிய துடிப்புகளை வலுவாக்கும் வழியைக் கண்டுபிடித்த ஜெரார் மூரூவுக்கும் டோனா ஸ்டிரிக்லண்டுக்கும் 2018 இயற்பியல் நோபலில் பங்கு கிடைத்தது.

மடலைத் திறந்தபின் கருவிழியைச் செதுக்கி பவரைச் சரிசெய்வது எக்ஸைமர் என்ற இன்னொரு லேசர். அதன் பின்னால் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் 1981-இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் அந்த லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் துல்லியமாகச் செதுக்க முடிந்தது.

ஸ்மைல் முறையில் மடலே கிடையாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் துவாரம் வழியாக உள்ளிருந்து சிறு வில்லைபோல் ஒரு துண்டை எடுத்துவிடுவார்கள். கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டு லேசரால் செதுக்கும் பிஆர்கே முறையிலும் மடல் இல்லை, ஆனால் மூன்று நான்கு நாள் நன்றாகவே வலிக்கும். எனவே "பிளேடு இல்லை" என்றால் எந்த முறை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வேலூரில் கண் என்றாலே ஆரணி ரோட்டு ஷெல் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். சிஎம்சியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் காலத்தில், 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனையாகத் திறந்த இடம், இன்று சிஎம்சியின் கண் பிரிவு. எங்கே போனாலும் நீங்கள் கேட்கும் முறை அங்கே செய்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். சென்னையில் செய்துகொள்வதும் சுலபம், காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் மறுநாள் காலை பரிசோதனை உண்டு, அன்றிரவு சென்னையிலேயே தங்கிவிடுங்கள்.

கருவிழி ஸ்கேன் எடுக்காமல் யாராவது தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கருவிழி கூம்புபோல் துருத்தும் கெரட்டோகோனஸ் தொடக்கத்தில் அந்த ஸ்கேனில்தான் பிடிபடும். அது இருப்பவருக்கு லேசிக் செய்தால் பார்வை மோசமாகும். 18 வயது நிறைந்து, ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு லேசர் செய்தாலும் படிக்கும் கண்ணாடி தேவைப்படலாம். "உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்கிற டாக்டரை நான் கூடுதலாக நம்புவேன்.

எனக்கு ஃபெம்டோ லேசிக் நடந்தது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். கண்மேல் ஒரு வளையம் அழுத்தியது, சில நொடி பார்வை மங்கி இருட்டானது. பிறகு 'டக்டக்டக்' என்ற சத்தம், முடி பொசுங்கும் வாடை. ஊசி குத்துகிற வலிகூட இல்லை. வீடு வந்தபின்தான் நாலைந்து மணி நேரம் வெங்காயம் நறுக்கியதுபோல் எரிந்து தண்ணீர் கொட்டியது. தூங்கி எழுந்தபோது எதிர்ச்சுவர் காலண்டரின் தேதி கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை சத்துவாச்சாரியிலிருந்து பெரியம்மா வந்தார். "கண்ணு பட்டுடுச்சும்மா" என்று நெற்றியில் விபூதி இட்டு, வழக்கம்போல முகத்தில் ஊத வந்தார். அம்மா குறுக்கே புகுந்து தடுத்தார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் மடல் ஒட்டாத கண்ணில் ஒரு துகள் விழுந்தாலும் ஆபத்து. நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று யார் எதைக் கொண்டு வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் யாருக்கும் மனவருத்தம் வராது.

இதனால்தான் சிகிச்சையை ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே முடித்துவிடச் சொல்கிறேன். கல்யாண ஹோமப் புகை, திருத்தணி மொட்டை, பைக்கில் ரத்தினகிரிப் பயணம் எல்லாம் அதற்குப் பிறகு. ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் படக்கூடாது. கிணறு, குளம், நீச்சல்குளம் ஒரு மாதம் வேண்டாம். கண்ணைக் கசக்கவே கூடாது. தூங்கும்போது கொடுத்த கவசத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரப் பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்றபின் விமானம் ஏறுங்கள். கண் வறட்சி மூன்று முதல் ஆறு மாதம் இருக்கலாம், விமானத்தின் ஏசி அதைக் கூட்டும் என்பதால் செயற்கைக் கண்ணீர் சொட்டு கைப்பையில் இருக்கட்டும். முடிந்தால் அக்னி நட்சத்திரத்தைத் தவிர்த்து மார்கழி, தையில் வாருங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். வெளிநாட்டு பாஸ்போர்ட் மட்டும் இருந்து, சிகிச்சைக்காகவே வருகிறீர்கள் என்றால் மருத்துவ விசா எடுங்கள்.

கிளம்பும் முன் பழைய பவர், கருவிழியின் வளைவு, கனம் ஆகிய அளவுகள் உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். முப்பது வருஷம் கழித்துக் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட அந்த டாக்டர் இந்த எண்களைத்தான் தேடுவார். அதை பாஸ்போர்ட் இருக்கும் கவரிலேயே வையுங்கள்.