பிள்ளைகள் ஒரு நாளில் எத்தனை கலோரி செலவழிக்கிறார்கள்? வீட்டில் கணக்கிடும் முறை

எடை மெஷின், ஒரு நோட்டு, கால்குலேட்டர். இந்தக் கணக்குக்கு இவை போதும். 3 முதல் 18 வயது வரை, நோய்நொடி இல்லாத பிள்ளைகளுக்கான முறை இது. காய்ச்சல் இருக்கும் வாரத்தில் வேண்டாம். உடம்பு சூடு ஏறினால் ஓய்வில் இருக்கும்போதே செலவு கூடிவிடும்.

1. எடை

காலையில் பாத்ரூம் போய் வந்ததும், சாப்பிடுவதற்கு முன், லேசான உடையில் நிறுத்துங்கள். யூனிஃபார்ம், ஷூவோடு நிறுத்தினால் எடை கூடுதலாக வரும். மெஷின் டைல்ஸ் தரையில் இருக்கட்டும். பாய் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும்.

2. அடிப்படைச் செலவு

அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, ஈரல் எல்லாம் இயங்க ஒரு நாளைக்கு ஆகும் கலோரி இது. உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்திய ஸ்கோஃபீல்டு சமன்பாட்டில் எடையைக் கிலோவில் போடுங்கள் (பத்து வயது நிறைந்துவிட்டால் 10–18 வரிசை):

3–10 வயதுப் பையன்: 22.7 × எடை + 504
3–10 வயதுப் பெண்: 20.3 × எடை + 486
10–18 வயதுப் பையன்: 17.7 × எடை + 658
10–18 வயதுப் பெண்: 13.4 × எடை + 693

12 வயது, 40 கிலோ பெண்ணுக்கு 536 + 693 = 1229 கலோரி. பெரியவர்களுக்கான "ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி" கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். அதன்படி இவளுக்கு 960தான் வரும்; 269 கலோரி காணாமல் போய்விடும். பெரியவர்களுக்கான இந்த அளவுகோலில் ஓடும் ஆப்களையும் வாட்ச்களையும் பிள்ளைகளுக்கு நம்பக்கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

3. நோட்டு

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு பள்ளி நாள், ஒரு ஞாயிறு, குறைந்தது மூன்று நாள் எழுதுங்கள். இரவு உட்கார்ந்து யோசித்து எழுதினால் விளையாட்டு நீளும், சும்மா இருந்த நேரம் சுருங்கும். ஒவ்வொரு வேலையும் முடிந்த கையோடு எழுதுவதுதான் சரி. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எழுத வேண்டும்.

"5.00–7.00 கிரிக்கெட்" என்று எழுதினால் போதாது. தெரு கிரிக்கெட்டில் பேட்டிங் முறைக்காகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு, பந்து துரத்தியது எவ்வளவு? பக்கத்திலேயே "ஓடியது 35 நிமிடம், நின்றது 50, உட்கார்ந்தது 35" என்று பிரித்து எழுதுங்கள். பி.டி. பீரியடும் அப்படியே, வரிசையில் நின்ற நேரம் விளையாட்டு ஆகாது. ஸ்கூல் வேன் பயணம் உட்கார்ந்த நேரத்தில் சேரும்.

4. பெருக்கல்

ஒவ்வொரு வேலையும் அடிப்படைச் செலவைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். தோராயமான மடங்குகளோடு அந்தப் பெண்ணின் ஒரு நாள்:

தூக்கம் 9 மணி × 1.0 = 9.0
வகுப்பு, வேன் 6 × 1.5 = 9.0
டியூஷன், ஹோம்வொர்க் 3 × 1.5 = 4.5
டிவி, போன் 2 × 1.2 = 2.4
குளியல், உடை, சாப்பாடு 2 × 1.8 = 3.6
நடை 1 × 3.0 = 3.0
ஓடியாடிய விளையாட்டு 1 × 5.5 = 5.5

மணிகளைக் கூட்டினால் 24 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கடைசியாக வந்த எண்களின் கூட்டல் 37. அதை 24ஆல் வகுத்தால் 1.54. அதை 1229ஆல் பெருக்கினால் சுமார் 1890 கலோரி. மூன்று நாளுக்கும் தனித்தனியாகப் போட்டு, பள்ளி நாள் சராசரியை ஐந்தாலும் ஞாயிறை இரண்டாலும் பெருக்கி, கூட்டி ஏழால் வகுங்கள். சனிக்கிழமையும் பள்ளி உண்டென்றால் ஆறு, ஒன்று.

வளர்ச்சிக்கு எவ்வளவு? ஒரு கிராம் எடை கூட சுமார் 2 கலோரி. வருடத்துக்கு 4 கிலோ கூடுகிற பிள்ளைக்கு நாளைக்கு 22 கலோரிதான்.

வாட்ச் பற்றி

இதயத்துடிப்பைப் பார்த்துச் செலவைச் சொல்லும் வாட்ச், மே மாதச் சென்னையில் ஏமாற்றும். வெயிலில் சும்மா நின்றாலே துடிப்பு ஏறும், செலவு அந்த அளவுக்கு ஏறாது. பரீட்சைப் பயத்திலும் அப்படியே.

ஆராய்ச்சிக்கூடங்களில் துல்லியத்துக்கு டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18ம் (கனமான ஆக்சிஜன்) கலந்த, கதிரியக்கம் இல்லாத தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரைச் சோதிப்பார்கள். டியூட்டீரியம் தண்ணீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன்-18 கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தில் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு தெரியும், அதிலிருந்து கலோரிச் செலவைக் கணக்கிடுவார்கள். இதற்குப் பணம் அதிகம் ஆகும், வீட்டில் முடியாது.

நம் கணக்கு ஒரு மதிப்பீடுதான். இதை வைத்துப் பிள்ளையின் தட்டில் சோற்றைக் குறைக்காதீர்கள். எடை பற்றிக் கவலை இருந்தால் நோட்டோடு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். வளரும் வயதில் எடை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் படியிலிருந்து புதிதாகப் போடுங்கள். கோடை விடுமுறைக்குத் தனி நோட்டு.