தமிழ் எஸ்எம்எஸ் வந்தால் மொபைல் ஸ்டார்ட்டர் ரீசெட் ஆகிறதா?

பல்லடம், பொள்ளாச்சிப் பக்கத் தோட்டங்களுக்காக அட்மெகா328பி சிப்பும், எஸ்எம்எஸ் வாங்கும் சிம்800 மோடமும் வைத்து, மொபைலில் இயக்கும் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்பவர்களுக்கு இந்தப் பழுது எதிர்ப்படும். ‘ஆன்’, ‘ஆஃப்’ கட்டளைகள் ஒழுங்காக வேலை செய்யும். சிம் கம்பெனியின் தமிழ் விளம்பரம் ஒன்று வந்ததும் போர்டு ஹேங் ஆகும், இல்லையென்றால் ரிலே தானாக அடிக்கும்.

முதலில் சப்ளையைப் பாருங்கள். சிக்னல் அனுப்பும் நொடியில் மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சின்ன ஆங்கிலச் செய்திக்கும் ரீசெட் ஆனால், மோடத்தை ஒட்டி 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள்.

தமிழுக்கு மட்டும் என்றால் காரணம் பஃபர்தான், அதாவது வந்த செய்தியைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம். ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. தமிழில் 70 குறிதான், கால், கொம்பு, புள்ளியெல்லாம் தனித்தனிக் கணக்கு. ஆனால் மோடம் செய்தியை எழுத்தாகத் தரும் டெக்ஸ்ட் மோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் நான்கு ஹெக்ஸ் இலக்கமாக வரும்: 280 பைட். ஃபங்ஷனுக்குள் 160க்கு அளந்து வைத்த பஃபர் வழிந்து, ஸ்டேக்கில் (ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவிடம்) இருக்கும் ரிட்டர்ன் அட்ரஸை (ஃபங்ஷன் முடிந்ததும் திரும்ப வேண்டிய இடம்) அழித்துவிடும். பஃபரை 400 ஆக்குவது வைத்தியமல்ல. மொத்த ரேமே 2048 பைட். குளோபல்களும் (எப்போதும் இருக்கும் மாறிகள்) ஹீப்பும் (ஓடும்போது கேட்டு வாங்கும் இடம்) கீழிருந்து ஏற, ஸ்டேக் மேலிருந்து இறங்குகிறது. இரண்டும் மோதினால் இந்தச் சிப் எர்ரர் எதுவும் காட்டாது.

முழுச் செய்தியைச் சேமிக்கவே வேண்டாம். 64 பைட்டில் ஒரு ஸ்டேட்டிக் பஃபர் போதும். ஒவ்வொரு பைட்டாகப் படித்து 63 வரை மட்டும் எழுதுங்கள், கடைசி இடம் முடிவுச் சைபருக்கு. அதற்கு மேல் வந்தால் ஃபிளாக் (அடையாள மாறி) வைத்து, வரி முடியும்வரை படித்துக் கொட்டிவிட்டு, அந்த வரியையே தள்ளிவிடுங்கள். வெட்டிய துண்டைக் கட்டளையாக எடுக்கக் கூடாது. அந்தத் துண்டின் தொடக்கத்தில் ‘ஆன்’ இருந்தால் தண்ணீர் இல்லாத போரில் மோட்டார் ஓடும். நடுவில் டிலே எதுவும் வேண்டாம்: 9600 பாட் வேகத்தில், மோடத்திலிருந்து வருவதை வாங்கும் 64 பைட் சீரியல் பஃபர் சுமார் 67 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும்.

போர்டு எழும்போது சிம்மில் சேமித்த செய்திகளைப் படிக்கிறதா? அப்படியானால் அதே செய்தி திரும்பத் திரும்பக் கவிழ்க்கும். வந்த செய்தி சிம்மில் தங்காமல் நேரே சீரியலுக்கு வரும்படி மோடத்துக்கான சிஎன்எம்ஐ (AT+CNMI) கட்டளையில் 2,2 கொடுங்கள்.

காலி ரேமை ஆரம்பத்திலேயே ஒரே மதிப்பால் நிரப்பிவைத்து, ‘அ’வை 70 முறை தட்டி அனுப்பிப் பாருங்கள். பிறகு அந்த மதிப்பு மாறாமல் எத்தனை பைட் மிச்சமோ, அதுவே ஸ்டேக் மோதாமல் இருக்க உங்களிடம் உள்ள இடைவெளி. போதவில்லையென்றால் பிரிண்ட் செய்யும் வாசகங்களை எஃப் மேக்ரோவால், அதாவது F("...") என்று எழுதி, ரேமிலிருந்து புரோகிராம் இருக்கும் ஃபிளாஷுக்கு மாற்றுங்கள்.